டிராக்டர்க் கொக்கியும் டிரெயிலர் வளையமும்: உயரம் பொருந்த வேண்டியதன் அவசியம்

பாரவண்டி பூட்டிப் பழகிய குடியானவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பவற்றை விளக்க வேண்டுவதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழுந்து பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். டிராக்டரில் பூட்டும் இருசக்கர டிரெயிலருக்கும் இவ்விதியே பொருந்தும். ஆனால் மாடு தன் வருத்தத்தை உடனே காட்டும். இயந்திரம் அங்ஙனம் காட்டுவதில்லை.

டிரெயிலரின் தளம் சமமட்டமாக நிற்றல் வேண்டும். உதாரணமாக, இருசுக்கும் வளையத்திற்கும் இடைத்தூரம் 10 அடி என்றும், 3,000 கிலோ பாரத்தின் நடுநிலை இருசுக்கு 1 அடி முன்னும் 4 அடி மேலும் உள்ளதென்றும் கொள்வோம். தளம் சமமாயிருப்பின் அப்பாரத்தில் 300 கிலோ கொக்கியின்மேல் அமரும். வளையம் 6 அங்குலம் உயர்ந்திருப்பின் அது சுமார் 240 கிலோவாகக் குறையும். 6 அங்குலம் தாழ்ந்திருப்பின் சுமார் 360 கிலோவாக மிகும். கரும்பு, வைக்கோல் போன்ற உயரமான பாரங்களில் இவ்வேற்றுமை இன்னும் அதிகம்.

கொக்கியின்மேல் பாரம் மிகுந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி, மேடேறும்போது திருப்பியபடி திரும்பமாட்டா. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களின்மேல் இருத்தல் வேண்டுமென்பது பொதுவிதி. கொக்கிப்பாரம் மிகக் குறைந்தாலோ, பின்சக்கரங்களின் பிடிப்புக் குன்றி, இறக்கத்தில் டிரெயிலர் டிராக்டரைத் தள்ளும்.

அளக்கும் முறை வருமாறு:

1. சமதரையில் இரண்டையும் நிறுத்தி, டயர்களுக்குரிய அளவு காற்றடைக்கவும். டிரெயிலர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும்.

2. தளத்தின்மேல் ரசமட்டம் வைத்து, முன்பாகத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ மட்டம் செய்து, முட்டுக்கொடுத்துத் தரையிலிருந்து வளையத்தின் உயரத்தைக் குறிக்கவும்.

3. டிராக்டர்க் கொக்கியின் உயரத்தைக் குறித்து ஒப்பிடவும். ஓரிரு அங்குல வேற்றுமையால் பெருந்தீங்கில்லை.

4. பாரம் ஏற்றியபின் பட்டைவில்களும் டயர்களும் தாழுமாதலால், மறுபடியும் மட்டம் பார்க்கவும். வேறு அளவுள்ள டயர் மாட்டினாலும் இவ்வாறே செய்யவும்.

வேற்றுமை அதிகமாயின் டிராக்டர்க் கொக்கியை மேலே தூக்கி அமைப்பது பேரபாயம். பின் இருசின் மட்டத்திற்கு மேலிருந்து இழுத்தால், டிரெயிலர் சேற்றில் சிக்கி அசையாதபோது, டிராக்டரின் முன்பாகம் எழும்பி அது பின்புறமாகக் கவிழக்கூடும். ஓட்டுபவர் கிளச்சை மிதிக்கு முன்னரே அது நடந்துவிடும். கலப்பை பூட்டும் மேல்தண்டில் சங்கிலி கட்டி இழுப்பதும் இத்தகையதே. ஆகையால் டிராக்டரைச் செய்தவர் அமைத்த இடத்திலேயே கொக்கி இருக்கட்டும், திருத்தவேண்டியது டிரெயிலரையே. வளையம் பொருந்திய தகட்டில் பல துளைகள் இருப்பின், தக்க துளைக்கு மாற்றி முடுக்கலாம். இல்லையேல் தேர்ந்த பட்டறையில் வளையத்தை உரிய உயரத்தில் அமைத்துக்கொள்க.

கரும்பு வெட்டும் அறுவடையும் தொடங்குமுன், கிராம அதிகாரிகள் ஊர்ப் பொதுக்களத்தில் ஒருநாள் இச்சோதனைக்கு ஏற்பாடு செய்வது நலம். வேண்டிய கருவிகள் ஒரு ரசமட்டமும் அளவு நாடாவுமே. அரைமணி நேரத்து வேலை ஓர் உயிரைக் காக்கக்கூடும்.