நீரிறைக்கும் இயந்திரம் பழுதுற்றால் செய்ய வேண்டுவன



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் தங்கி நிற்க, அந்நீரையே நாம் கிணறுகளால் எடுத்துப் பயிருக்கு இறைக்கின்றோம். முன்னாளில் துலா மிதித்தும் பட்டை கொண்டும் இறைத்தார்கள். இன்று அவ்வேலையைச் சிறு இயந்திரமொன்று செய்கின்றது. அது நின்றால் தோட்டம் என்னவாகும் என்பதையும், நிற்காதிருக்கவும் நின்றபின் விரைவில் திருத்தம் பெறவும் செய்ய வேண்டியவற்றையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. ஓர் இறைப்பின் கணக்கு

பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றராகும். ஓர் இறைப்பில் நிலத்தில் 25 மில்லிமீற்றர் நீர் நிற்க வேண்டுமெனக் கொண்டால், ஒரு பரப்புக்கு 6,300 லீற்றரும், நான்கு பரப்புக்கு 25,000 லீற்றரும் தேவை. நிமிடத்துக்கு 300 லீற்றர் தள்ளும் இயந்திரம் இதனை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும். இருபது லீற்றர் வாளியால் இறைப்பவர் 1,250 தடவைக்குமேல் வாளியைத் தூக்க வேண்டும். செம்மண் தோட்டத்து வெங்காயத்துக்கு மூன்று நான்கு நாளுக்கொருமுறை நீர் வேண்டும். ஆதலின் இயந்திரம் மூன்று வாரம் திருத்தகத்திற் கிடக்குமாயின், ஐந்து இறைப்புக்கு மேல் தவறிவிடும். அக்காலம் கிழங்கு திரளும் பருவமாயின், விதை, பசளை, கூலி ஆகியவற்றுக்குச் செலவிட்ட பணம் மீளாது.

2. புதிய இயந்திரமும் எண்ணெயும்

புதிய இயந்திரத்துக்கு ஓராண்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. புதிய இயந்திரத்தின் உட்பாகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பொருந்தும்போது நுண்ணிய உலோகத்தூள் எண்ணெயிற் கலக்கும். ஆதலால் சிறு இயந்திரங்கள் பலவற்றுக்கு முதல் 20 மணி நேர ஓட்டம் முடிந்ததும் எண்ணெயை மாற்றவேண்டுமென்றும், பின்னர் 100 மணி நேரத்துக்கொருமுறை மாற்றவேண்டுமென்றும் கையேடுகள் விதிக்கின்றன. மேற்கூறிய நான்கு பரப்புத் தோட்டத்தில், ஓர் இறைப்புக்கு ஒன்றரை மணியாகப் பதினான்காம் இறைப்பில் இருபது மணி கடந்துவிடும். அதாவது, முதற்போக வெங்காயம் கிண்டுமுன்னரே எண்ணெய் மாற்றும் நாள் வந்துவிடும். அதைத் தவறவிட்டவர் இயந்திரத்துக்குத் தீங்கு செய்வதோடு, உத்தரவாதத்தை மறுப்பதற்கு விற்றவர் கையில் ஒரு காரணத்தையும் கொடுக்கின்றார்.

ஆகையால் ஒரு கொப்பியை இயந்திரத்துக்கென ஒதுக்குக. ஒவ்வோர் இறைப்பின் நாளையும், ஓடிய நேரத்தையும், எண்ணெய் மாற்றிய நாளையும் அதிற் குறிக்குக. எண்ணெய் வாங்கிய பற்றுச்சீட்டையும் அதனுள் வைக்குக. காற்று வடியை 50 மணி நேரத்துக்கொருமுறையும், புழுதி மிகுந்த காலத்தில் அதற்கு முன்னரும் துப்புரவு செய்க.

3. மண்ணெண்ணெய் பற்றிய எச்சரிக்கை

1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், பெற்றோல் கிடையாமையால், சில துளி பெற்றோலால் இயக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சயிக்கிள்களை ஓட்டும் வழக்கம் நம் குடாநாட்டிற் பரவியது. வேறு வழியில்லாக் காலத்தில் அது கைகொடுத்தது. எனினும் பெற்றோலுக்கென அமைந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் முற்றாக எரியாது. எரியாத பகுதி கரியாகப் பிளக்கிலும் வால்வுகளிலும் படியும். எஞ்சியது கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உராய்வைத் தடுக்காமையால் இயந்திரம் இறுகிப்போகும். இத்தகைய பழுதை உத்தரவாதம் ஏற்காது.

2022ஆம் ஆண்டு ஆகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததன் பின், மலிவு என்ற காரணமும் முன்போல் வலுவுடையதன்று. மண்ணெண்ணெய்க்கென அமைந்த இயந்திரம் வைத்திருப்போர், முதலிற் பெற்றோலில் இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் சில நிமிடம் ஓடவிடுக. அப்பொழுது கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. மறுநாள் இயந்திரம் எளிதில் இயங்கும். எண்ணெய் அளவு குறிக்குமேல் உயர்ந்திருந்தாலோ, மண்ணெண்ணெய் மணம் வீசினாலோ உடனே மாற்றுக.

4. நின்றவுடன் நீங்களே பார்க்கத்தக்கவை

திருத்தகத்துக்குக் கொண்டுசெல்லுமுன் பின்வருவனவற்றை ஒழுங்காகப் பார்க்குக. இவற்றைப் பார்ப்பதற்கு இயந்திரத்தின் உடலைத் திறக்க வேண்டியதில்லை.

(அ) எரிபொருள்: தாங்கியில் உண்டா, குழாய் திறந்துள்ளதா, அடியிலுள்ள படிவுக் கிண்ணத்தில் நீரோ அழுக்கோ தங்கியுள்ளதா எனப் பார்க்குக.

(ஆ) எண்ணெய்: சில இயந்திரங்கள் எண்ணெய் குறைந்தால் இயங்காதவாறு அமைந்துள்ளன. சமதரையில் வைத்து அளவைப் பார்க்குக.

(இ) பிளக்: கழற்றிப் பார்க்க, நனைந்திருந்தால் எரிபொருள் மிகுதி. வரண்டிருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. கரி படிந்திருந்தால் காற்று வடி அடைபட்டிருக்கலாம், அல்லது எரிபொருள் தகாததாயிருக்கலாம். துடைத்து, முனைகளின் இடைவெளியைக் கையேட்டின்படி அமைக்குக. பல சிறு இயந்திரங்களுக்கு அது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையாகும்.

(ஈ) இயந்திரம் ஓடியும் நீர் வராவிட்டால்: பழுது பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை. உறிஞ்சு குழாயின் பொருத்துகளிற் காற்றுப் புகுகின்றதா, அடிமுனையிலுள்ள புட்வால்வு நீரைத் தாங்குகின்றதா எனப் பார்க்குக. வளிமண்டலத்தின் அமுக்கம் நீரை 10 மீற்றர் அளவுக்கே உயர்த்த வல்லது. நடைமுறையில் ஆறு ஏழு மீற்றருக்கு மேல் உறிஞ்ச எதிர்பார்க்கலாகாது. ஆவணி, புரட்டாதியில் கிணற்று நீர் இறங்கும்போது, பழுதில்லாத இயந்திரமும் நீர் தராது போகலாம். பம்பில் நீர் நிரப்பாமல் வெறுமையாக ஓட்டினால் அதன் உள்ளடைப்பு கருகிவிடும்.

கயிற்றை இழுக்க முடியாதவாறு இயந்திரம் இறுகியிருந்தாலும், உள்ளே உலோகம் மோதும் ஒலி கேட்டாலும், அதன்மேல் முயலவேண்டாம். அறிந்தவர் ஒருவரைக் கொண்டு உடனே திறந்து பார்க்கத் தோன்றுவது இயல்பே. ஆயினும் உத்தரவாதக் காலத்தில் பிறர் திறந்த இயந்திரத்தை முகவர் ஏற்க மறுக்கலாம்.

நீர் ஆழத்திற் போய்விட்டதென்று இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுதல் ஒருபொழுதும் ஆகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. அது கிணற்றுள் தங்கி, இறங்கியவரையும் அவரைக் காக்க இறங்கியவரையும் கொல்லும்.

5. வாங்கும்போது கேட்க வேண்டியவை

உத்தரவாதத்தின் பயன் பழுதுற்ற நாளில் அன்று, வாங்கும் நாளிலேயே முடிவாகின்றது. பற்றுச்சீட்டில் வாங்கிய நாளும், இயந்திரத்தின் மாதிரியும், இலக்கமும் எழுதப்படல் வேண்டும். உத்தரவாதப் பத்திரத்தில் கடை முத்திரை இருத்தல் வேண்டும். திருத்தம் யாழ்ப்பாணத்திற் செய்யப்படுமா, கொழும்புக்கு அனுப்பப்படுமா? உதிரிப்பாகம் கையிருப்பில் உண்டா? திருத்தம் நீடித்தால் மாற்று இயந்திரம் தருவார்களா? இம்மூன்று கேள்விக்கும் விடை பெற்ற பின்னரே பணத்தைக் கொடுக்குக. விலையில் சிறிது கூடினும், அருகில் உதிரிப்பாகம் கிடைக்கும் இயந்திரமே கமக்காரனுக்கு இலாபமானது.

சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்லும் மோட்டார் சயிக்கிளுக்கும் இவ்விதியே பொருந்தும். அதன் உத்தரவாதம் பெரும்பாலும் மாதத்தாலும் கிலோமீற்றராலும் அளக்கப்படும். எது முந்துகின்றதோ அதனோடு முடியும். குறித்த காலத்துப் பராமரிப்பைத் தவறவிட்டால் உரிமை குன்றும்.

6. திருத்தம் தாமதித்தால்

இயந்திரத்தை ஒப்படைக்கும்போது, ஒப்படைத்த நாள், பழுதின் விவரம், திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை எழுதிய வேலைச்சீட்டுப் பெறுக. வாய்ச்சொல் போதாது. குறித்த நாள் கடந்தால், பயிரின் நிலையையும் இறைப்பின் தேவையையும் கூறி ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புக. பிரதியொன்றை வைத்துக்கொள்ளுக.

அதற்கும் பயனில்லையெனின், சட்டத்தின் துணை உண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம், வாங்குபவர் தம் தேவையை விற்பவருக்கு அறிவித்து அவருடைய திறமையை நம்பி வாங்கும்போது, பொருள் அத்தேவைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டுமென்னும் நிபந்தனையை உட்கொண்டுள்ளது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும். முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். அதற்கு மூன்று மாத எல்லை உண்டு. ஆதலால் “அடுத்த கிழமை வா” என்னும் சொல்லை நம்பி நாளைப் போக்கலாகாது. 1977 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் அச்சபையுடன் தொடர்பு கொள்ளலாம். இதுவன்றி, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபையில், நீதிமன்றச் செலவின்றி இணக்கம் காணவும் இடமுண்டு. எங்குச் செல்லினும் கொப்பியும், பற்றுச்சீட்டும், வேலைச்சீட்டும், கடிதப் பிரதியுமே உங்கள் சாட்சிகளாகும்.

7. இயந்திரம் வரும்வரை பயிரைக் காத்தல்

முறைப்பாடு முடியும்வரை பயிர் காத்திராது. அயலவரின் இயந்திரத்தைக் கூலிக்குப் பெற்று, உள்ள நீரைப் பயிரின் பருவம் அறிந்து பங்கிடுக. கிழங்கு திரளும் வெங்காயத்துக்கும், பூத்துக் காய்க்கும் மிளகாய்க்கும், அண்மையில் நட்ட நாற்றுக்கும் முதலிடம் கொடுக்குக. அறுவடைக்கு அண்மித்த வெங்காயத்துக்கு நீரை நிறுத்தல் நன்றே. வைக்கோலாலும் காய்ந்த சருகாலும் பாத்திகளை மூடுக. வெயில் தணிந்த மாலையில் இறைக்குக. களையை அகற்றுக, களையும் நீரைக் குடிக்கும்.

எல்லாவற்றிலும் சிறந்த காப்பு, ஒரு குறிச்சியிலுள்ள கமக்காரர் பத்துப்பேர் கூடி, தம் கமக்காரர் அமைப்பின் மூலம் பொது இயந்திரமொன்றைக் கையிருப்பில் வைத்தலாகும். ஒருவருடைய இயந்திரம் நின்ற நாளில் அது அவர் தோட்டத்துக்குச் செல்லும். துலாக் காலத்தில் ஏறி மிதிக்கவும், பட்டை பிடிக்கவும், தண்ணீர் மாறவும் அயலவர் ஒருவருக்கொருவர் முறைவைத்து உதவினார்கள். இயந்திரம் வந்தபின் அம்முறை கைவிடப்பட்டது. அதனை மீட்டுக்கொண்டால், திருத்தகத்தின் தாமதம் தோட்டத்தின் நட்டமாகாது.

இவை பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காண்க.