சிற்றூர்க் கழிவுநீரும் பாசிக் குளமும்

பஞ்சாப் மாநிலத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஊர்க்குளத்தைச் 'சப்பர்' என்பர். மழைநீர் தேங்கிய அக்குளத்தில் எருமைகள் நீராடின. வீடு கட்டுவோர் அதனின்று களிமண் எடுத்தனர். இன்றோ வீட்டுச் சாக்கடைகள் யாவும் அதில்தான் வந்து சேர்கின்றன. நீர் கறுத்து நாற்றம் வீசுகிறது. அருகிலுள்ள அடிபம்புகளின் நீரும் ஐயத்திற்குரியதாகிறது.

குளம் கறுப்பதேன்? கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அதற்குப் பிராணவாயு வேண்டும். வரும் கழிவு மிகுந்து நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்ததும், அது இன்றியே வாழும் வேறு நுண்ணுயிர்கள் தலையெடுத்து ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. ஆகவே, குளம் தாங்கும் அளவறிந்து கழிவுநீரை விடுவதே முறை. அவ்வாறு விட்டால், பாக்டீரியாக்கள் வெளியிடும் கரியமிலவாயுவைப் பச்சைப் பாசிகள் உட்கொண்டு, சூரிய ஒளியின் துணையால் பிராணவாயுவை மீண்டும் நீருக்கு அளிக்கும். நண்பகலுக்குப் பின் நீரின் காரத்தன்மை உயர்வதும் வெயிலும் சேர்ந்து நோய்க்கிருமிகளைக் கொல்லும். குடற்புழுக்களின் முட்டைகள் அடியிற் படியும். இவ்வளவிற்கும் மின்சாரம் தேவையில்லை.

நாகபுரியில் 1958இல் தொடங்கப்பெற்ற மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய குளங்களை ஆராய்ந்து 1970இல் ஒரு நூலை வெளியிட்டது. வெயிலின் வன்மை இடத்திற்கிடம் வேறுபடுமாதலால், குளத்தின் தாங்குதிறன் அட்சரேகையை ஒட்டிக் கணிக்கப்படுகிறது. ஹெக்டேர் ஒன்றுக்கு நாளொன்றுக்கு, 32 பாகையில் 175 கிலோகிராம் பிராணவாயுத் தேவையுள்ள கழிவையும், 12 பாகையில் 300 கிலோகிராமையும் விடலாம் என்பது நம் நாட்டு நடைமுறை.

ஆயிரம் பேர் வாழும் ஊரை எடுத்துக்கொள்வோம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி தலைக்கு 55 லிட்டர் நீர் தரப்பட்டு, அதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையில் வருமாயின், நாளொன்றுக்கு 44,000 லிட்டர் ஆகும். தலைக்கு 30 கிராம் தேவை எனக் கொண்டால் மொத்தம் 30 கிலோகிராம். பஞ்சாபில் இதற்கு ஏறத்தாழ 1,700 சதுர மீட்டர், அதாவது 42 சென்ட் நிலம் வேண்டும். அதே அளவு கழிவிற்குத் தமிழகத்தின் வடபகுதியில் 1,000 சதுர மீட்டர் போதும். ஆழம் 1.2 மீட்டரானால், ஆவியாதலையும் கசிவையும் நீக்கிப் பார்க்க, பஞ்சாபில் நீர் 46 நாள் தங்கும்.

ஜலந்தர் மாவட்டத்துச் சீச்சேவால் கிராமத்தில் பல்பீர் சிங் சீச்சேவால் அமைத்த முறை பலரும் அறிந்தது. அங்கே கழிவுநீர் கிணறுகள் வழியே சென்று, கசடு நீங்கியபின் குளத்தை அடைகிறது. பிறகு வயல்களுக்கு இறைக்கப்படுகிறது. கழிவுநீரை உழவர்கள் உரமுள்ள நீராக மதிக்கத் தொடங்கியதே இம்முறையின் முதன்மையான பயன் என்பது எம் கருத்து. விலையுயர்ந்த இயந்திர நிலையங்களை ஊராட்சிகளின் தலையில் சுமத்துவோர் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

பராமரிப்பு எளிதே, எனினும் அதைக் கைவிடலாகாது. கரையோரம் புல் மண்டினால் கொசு பெருகும். ஆதலின் கரைக்குக் கல் பதித்து, ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையாமல் காக்கவேண்டும். ஆகாயத்தாமரை படர்ந்தால் ஒளி மறைந்து பாசி மடியும். சில ஆண்டுகளுக்கொருமுறை அடிக்கசடை அகற்றவேண்டும். அடித்தளத்தில் களிமண்ணை இறுக்கி மெழுகாவிடில் கசிவு கிணறுகளை அடையும். பச்சையாய் உண்ணும் காய்கறிகளுக்கு இந்நீரைப் பாய்ச்ச, 100 மில்லிலிட்டரில் மலக்கிருமிகள் 1,000க்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 1989இல் வரம்பிட்டது. ஒரே குளத்தில் அவ்வளவு தூய்மை கிட்டுவது அரிது. இரண்டாம் குளம் ஒன்றை வெட்டும்வரை, கரும்புக்கும் மரங்களுக்கும் மட்டும் இந்நீரை விடுவதே தக்கது.