பதற்றமான நாட்களில் தேவ சமுகத்தில் அமர: வீட்டுக் குறிப்புகள்

ஸ்கேன் ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும். மகனுக்கு வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை. வட்டிக்காரர் காலையிலேயே போன் செய்துவிட்டார். இப்படிப்பட்ட நாட்களில் "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிப் போகிறவர்கள் அநேகர். எங்கே உட்கார்ந்து, எதை வைத்து, எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லித் தருகிறவர்கள் குறைவு. கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து இங்கே சில குறிப்புகள். மனம் அடங்கட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் வராது. பதறுகிற மனதோடேயே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

1. முதலில் சாப்பிடுங்கள். யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்துவிட்டார் (1 இராஜாக்கள் 19). வந்த தூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் காட்டினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு 40 நாள் கழித்து. ஆகவே கவலையில் சோறு இறங்காமல் கிடப்பதை உபவாசக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கஞ்சியோ, இரண்டு இட்லியோ, மோர் சாதமோ வயிற்றுக்குள் போகட்டும். காப்பியைக் குறையுங்கள், படபடக்கிற நெஞ்சை அது இன்னும் படபடக்க வைக்கும். வீட்டில் யாருக்காவது கவலை என்றால் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தான் முதலில் மறந்து போகும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தனி அறை வேண்டாம், ஒரு நாற்காலி போதும். ஜன்னலோரமோ மாடிப்படியோ, ஓர் இடத்தை முடிவு செய்து தினமும் அங்கேயே உட்காருங்கள். அடிக்கடி போய் அமர்கிற இடத்தில் மனம் சீக்கிரம் அடங்கும். கூட்டுக் குடும்பத்தில் அதுவும் கிடைக்காது என்கிறவர்களுக்கு முக்காடு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா பிள்ளைகள் நிறைந்த வீட்டில் தனிமை கிடைக்காமல், சமையல் மேலாடையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெபிப்பார் என்று சொல்வார்கள். அம்மா தலைமேல் துணி இருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். நம் வீட்டில் அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சேலை முந்தானை இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதுதான் பாக்கி.

3. பயமுறுத்துகிற காகிதத்தை மேஜைமேல் விரித்து வையுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட உருப்படியான ஜெப முறை இல்லை. அசீரிய ராஜா சனகெரிப் எருசலேமைப் பிடிக்கப்போவதாக மிரட்டிக் கடிதம் அனுப்பினான். எசேக்கியா ராஜா அதை வாங்கி வாசித்தார். ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார் (2 இராஜாக்கள் 19). "உமக்குத் தெரியாததா" என்று பொதுவாகப் பேசி முடித்துவிடவில்லை, எழுத்தையே காட்டினார்.

நாமும் அப்படிச் செய்யலாம். பேங்க் நோட்டீஸ், ரத்தப் பரிசோதனை முடிவு, பள்ளிக் கட்டணச் சீட்டு, எதுவானாலும் கவரிலிருந்து எடுத்து விரியுங்கள். வாய்விட்டு வாசியுங்கள். தொகையையும் தேதியையும் சேர்த்தே வாசியுங்கள். பீரோவுக்குள் மடித்து வைத்த காகிதம் ராத்திரியெல்லாம் பெரிதாகிக்கொண்டே போகும்; விரித்த காகிதத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் இருக்கும். வாசித்தபின் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் இன்று நான் செய்ய முடிந்தது: யாருக்குப் போன் செய்வது, எந்த ஆபீசுக்குப் போவது. வலப்பக்கம் என் கையில் இல்லாதது. வலப்பக்கத்தை ஜெபத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டு இடப்பக்கத்துக்காக எழுந்து செருப்பை மாட்டுங்கள்.

எசேக்கியாவும் ஜெபத்தோடு நிற்கவில்லை. முற்றுகை வந்தால் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமென்று பாறையைக் குடைந்து கால்வாய் வெட்டினார். ஏறக்குறைய 533 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தில் இன்றும் எருசலேமுக்குப் போகிறவர்கள் முழங்கால் தண்ணீரில் நடக்கிறார்கள்.

4. படுக்கையறையில் போன் வேண்டாம். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். வேதாகமத்தைப் போனில் வாசிக்கிறேன் என்று திறந்தால் நடுவில் செய்தியும் வட்டிக்காரரும் வந்துவிடுவார்கள். பெரிய எழுத்து அச்சுப் புத்தகம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்று வருகிற செய்திகளை யோசிக்காமல் அழித்துவிடுங்கள்.

5. சங்கீதப் பட்டியல் ஒன்று பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பதறும்போது 150 சங்கீதங்களில் எதை எடுப்பது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. தூக்கம் வராத இரவுக்கு 4. பயணத்துக்கும் பிள்ளைகள் வெளியூர் போகிறபோதும் 121. ஊரெல்லாம் கலக்கம் என்றால் 46. காத்துக் காத்துச் சலித்துப்போனவர்களுக்கு 13. ஆறே வசனம், கேள்வியில் தொடங்குகிறது. 88-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிற சங்கீதம். ஆறுதல் வசனம் எதுவும் உள்ளே போகாத நாட்களில் அதுதான் கைகொடுக்கும்; அப்படிப்பட்ட புலம்பலுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. முடிந்தால் ஒரு சங்கீதத்தைப் பேனாவால் எழுதிப் பாருங்கள். கை மெதுவாக ஓடுவதால் மனமும் அதன் வேகத்துக்கு வரும்.

6. வார்த்தை வராவிட்டால் மூச்சு போதும். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மனதில் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணியும். உடம்பின் அமைப்பே அப்படி. மூச்சு உள்ளே போகும்போது இயேசுவின் பெயர், வெளியே வரும்போது உங்கள் பாரத்தின் பெயர். ஐந்து நிமிஷம் செய்யுங்கள். தண்ணீரில் அமிழ்ந்துகொண்டிருந்த பேதுருவும் நீளமாக ஜெபிக்கவில்லை.

7. சத்தம் போட்டு ஜெபிக்க முடியாத வீடுகளில் உதடசைவு போதும். சீலோவில் அன்னாள் அப்படித்தான் ஜெபித்தாள்; ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், முகத்தின் துக்கம் போயிற்று. அவள் வேண்டிக் கேட்ட பிள்ளை சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை.

8. பாத்திரம் தேய்க்கிற நேரத்தை வீணாக்காதீர்கள். பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் பதினேழாம் நூற்றாண்டில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். சிப்பாயாக இருந்து காலில் அடிபட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல்கட்டு, பிடிக்காத வேலை. அந்த அடுப்படிச் சத்தத்துக்கு நடுவிலேயே தேவனோடு பேசிப் பழகினார். 1691-இல் அவர் இறந்தபின் அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்துப் புத்தகமாக்கினார்கள். இன்றும் உலகமெங்கும் வாசிக்கிறார்கள். கை பழகிய வேலை எதுவும் இதற்கு உதவும்: கீரை ஆய்வது, துணி மடிப்பது, வாசல் பெருக்குவது. ஒவ்வொரு வேலைக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டை மடிக்கும்போது அந்தச் சட்டைக்காரருக்காக ஜெபம்.

9. பாடுங்கள், மெதுவாக. பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்த நடுராத்திரியில் பாடினார்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நமக்குக் கீர்த்தனைகளுக்குப் பஞ்சமில்லை. குரல் நன்றாக இல்லையென்றால் முணுமுணுத்தால் போதும். அடுத்த வீட்டுக் கைக்குழந்தை தூங்கட்டும்.

10. நடுராத்திரி விழித்துக்கொண்டால் மணி பார்க்காதீர்கள். எத்தனை மணிநேரத் தூக்கம் போயிற்று என்ற கணக்கு தொடங்கிவிடும். வெகுநேரம் புரண்டும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கலான விளக்கில் உட்காருங்கள். மாற்கு 4-ஆம் அதிகாரத்தை வாசிக்கலாம். புயலில் படகு நிரம்புகிறது, இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணையைச் சொல்கிறவர் மாற்கு மட்டும்தான். அவரை எழுப்பிய சீஷர்களின் பேச்சில் மரியாதை குறைவு, கோபம் அதிகம். அவர் எழுந்து முதலில் காற்றையும் கடலையும் அமர்த்தினார். சீஷர்களைக் கண்டித்தது அப்புறம்தான்.

11. குடும்ப ஜெபம் பத்து நிமிஷத்தில் முடியட்டும். ஆளுக்கு ஒரு வரி, சின்னவர்களுக்கும் சேர்த்து. "ஆண்டவரே, இவனுக்குப் படிக்கிற புத்தியைக் கொடும், போனை நோண்டாமல் இருக்கச் செய்யும்" என்று ஜெபம் என்ற பெயரில் பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு திட்டினாலும் அது திட்டுதான். வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் அளவோடு சொல்லலாம். மறைத்தால் அவர்களாகவே பெரிதாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

12. டாக்டரிடம் போவது அவிசுவாசம் இல்லை. பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். திமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னவரும் அதே பவுல்தான். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை மரத்துப்போவது என்று வந்தால் பயத்தினால்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஜெபத்தை ஆம்புலன்சில் செய்யலாம். பதற்றம் வாரக்கணக்கில் விடாமல், தூக்கமும் வேலையும் கெட்டுப்போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். உயிர்மேல் வெறுப்பு வந்ததாக வீட்டில் யாராவது சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

13. பதற்றத்தில் இருக்கிற இன்னொரு வீட்டுக்குப் போகிறபோது வசன மூட்டையோடு போகாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை. தூக்குச்சட்டியில் ரசமும் சாதமும் கொண்டு போங்கள். "எதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். "அக்கா, நாளைக்குப் பசங்களை நான் ஸ்கூல்ல விடுறேன்" என்று சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் சின்னதாக ஒரு ஜெபம். தூக்குச்சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அதை எடுக்கப் போகிற சாக்கில் அடுத்த வாரம் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வரலாம்.