நெல் கலப்பினம்: பதருக்குப் பின்னால் இருப்பது என்ன?

நம்பிக்கை: இரண்டு நெல் இனங்களுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால், கலப்பினம் மணி பிடிக்கும்.

உண்மை: எண்ணிக்கை மட்டும் போதாது. ஆசிய நெல்லான ஒரைசா சட்டைவாவுக்கு 24 குரோமோசோம்கள். காட்டு நெல்லான ஒரைசா அஃபிசினாலிசுக்கும் 24தான். ஆனால் முன்னது ‘ஏஏ’ மரபுத்தொகுதி, பின்னது ‘சிசி’. இவற்றைக் கலந்தால் கரு பெரும்பாலும் விதைக்குள்ளேயே மடியும். அதைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால்தான் செடி கிடைக்கும். அச்செடியின் குன்றல் பகுப்பில் ஏ, சி குரோமோசோம்கள் பெரும்பாலும் ஜோடி சேராமல் தனித்தனியே நிற்பதால், பங்கீடு தாறுமாறாகிச் செடி மலடாகிறது.

நம்பிக்கை: ஜோடி ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால் மலட்டுத்தன்மை வராது.

உண்மை: பாடநூல் படித்தவர்களும் நம்பிவிடும் பிழை இது. மேற்கு ஆப்பிரிக்காவின் சாகுபடி நெல்லான ஒரைசா கிளாபெரிமாவும் ‘ஏஏ’ வகையே. ஆசிய நெல்லோடு கலந்த முதல் தலைமுறையில் 12 ஜோடிகளும் பெரும்பாலும் சரியாகவே அமைகின்றன. ஆனால் அதன் மகரந்தத்தை அயோடின் கரைசலிலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டு கறுத்த துகள்களைக் காண்பது அரிது. வெளிறிச் சுருங்கியவையே நிறைந்திருக்கும். கதிர் பதராகி, தலை சாயாமல் நிமிர்ந்தே நிற்கும். இதற்கு முக்கியக் காரணம், 6ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்1 என்னும் மரபணு இடம். கலப்பினத்தில் ஆசிய வடிவமும் ஆப்பிரிக்க வடிவமும் அங்கே சேர்ந்திருக்கையில், ஆசிய வடிவத்தைப் பெற்ற மகரந்தம் அழிகிறது; சூலிலும் ஓரளவு இதே நிலைதான். இத்தகைய வேறு சில இடங்களும் சேர்வதால் மகரந்தம் ஏறக்குறைய முழுவதும் வீணாகிறது. குரோமோசோம்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்தக் குறை கண்ணில் படாது.

நம்பிக்கை: மலட்டுக் கலப்பினத்தால் பயனில்லை.

உண்மை: மகரந்தம் கெட்டாலும் சூல்களில் சில பிழைத்திருக்கும். 1990களில் ஐவரி கோஸ்டில், மேற்கு ஆப்பிரிக்க நெல் ஆய்வு நிறுவனத்தில் மான்டி ஜோன்ஸ் குழுவினர் இந்தக் கலப்பினத்தைப் பெண் பெற்றோராக வைத்து, ஆசிய நெல்லின் மகரந்தத்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். வளம் மீண்டது, ‘நெரிகா’ ரகங்கள் பிறந்தன. 2004ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு ஜோன்ஸுக்கும் சீனாவின் யுவான் லாங்பிங்குக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

நம்பிக்கை: கடையில் வாங்கும் வீரிய ஒட்டு நெல்லும் மலடு, அதன் மணி முளைக்காது.

உண்மை: முளைக்கும். மலடாக இருந்தால் அறுவடையே இருக்காதே! அடுத்த பட்டத்தில் பண்புகள் பிரிந்து பயிர் சீரற்றுப் போகும், விளைச்சலும் குறையும். அதனால்தான் அந்த நெல்லை விதைக்கு எடுத்துவைக்க வேண்டாம் என்கிறார்கள்.