பூட்டு இல்லாத கதவு: மன நெருக்கடியில் சக மனிதரின் துணை

நெஞ்சு வலின்னா 108-க்கு அடிக்கணும்னு நமக்குத் தெரியும். ராத்திரி 2 மணிக்கு ரூம்மேட் எழுந்து உட்கார்ந்து "வாழவே பிடிக்கலடா"ன்னு சொன்னா? ஒண்ணு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தூங்கு"ன்னு சொல்வோம். இல்லன்னா பயந்துபோய் நேரா ஆஸ்பத்திரி. இந்த ரெண்டுக்கும் நடுவில் இன்னொரு வழியை அமெரிக்காவில் சிலர் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

1966-ல் ஜூடி சேம்பர்லின் என்ற அமெரிக்கப் பெண், கருச்சிதைவுக்குப் பின் வந்த மனச்சோர்வால் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். உள்ளே போன பிறகுதான், நினைத்தபோது வெளியே வர முடியாது என்பது புரிந்தது. பிறகு கனடாவின் வான்கூவரில், பூட்டோ கட்டாயமோ இல்லாத ஒரு நெருக்கடிகால இல்லத்தில் தங்கியது அவருக்கு உதவியது. இரண்டு அனுபவங்களையும் 1978-ல் 'ஆன் அவர் ஓன்' என்ற நூலில் எழுதினார். இதே பாதையை அனுபவித்தவர்களே உதவி மையங்களை நடத்தலாம் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

வீடு எப்படி இயங்குது?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டனில் 2012-ல் தொடங்கிய 'அஃபியா' ஒரு சாதாரண வீடு. ஒரே நேரத்தில் மூன்று பேர், அதிகபட்சம் ஏழு இரவுகள் தங்கலாம். கட்டணம் இல்லை. டாக்டர், நர்ஸ் கிடையாது. பணியாளர்கள் எல்லோருமே தாங்களும் இப்படியொரு கஷ்டத்தைக் கடந்து வந்தவர்கள்; பயிற்சி பெற்று, சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். மாத்திரை சாப்பிடுபவர் தன் மாத்திரையைத் தானே வைத்துக்கொள்வார். வரலாமா, போகலாமா என்பதும் அவர் முடிவுதான்.

ஏன் இப்படி? பூட்டி வைத்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், சாகத் தோணுதுன்னு யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சொல்லாத விஷயத்துக்கு உதவி செய்ய முடியாது. பயத்தை எடுத்துவிட்டால் பேச்சு வரும்.

சோதித்துப் பார்த்தார்களா?

ஆம். கலிபோர்னியாவில் நடந்த ஒரு ஆய்வின் முடிவுகள் 2008-ல் வெளியாயின. கடுமையான நெருக்கடியில் இருந்த 393 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலர் பூட்டிய மனநலப் பிரிவுக்கும், மற்றவர்கள் முன்னாள் நோயாளிகளே நடத்திய பூட்டில்லாத இல்லத்துக்கும் போனார்கள். இல்லத்துக்குப் போனவர்களிடம் முன்னேற்றமும் மனநிறைவும் அதிகமாக இருந்தன. ஒரே ஆய்வை வைத்து எல்லா இடத்துக்கும் முடிவு சொல்ல முடியாதுதான். ஆனாலும், "பூட்டினால்தான் பாதுகாப்பு" என்ற நம்பிக்கையை மறுபடி யோசிக்க இது போதும்.

எங்கே நிறுத்தணும்?

விஷமோ மாத்திரையோ விழுங்கியிருந்தால், ரத்தம் போனால், தலையில் அடிபட்டோ கடும் காய்ச்சலிலோ குழப்பமாகப் பேசினால், யோசிக்கவே வேண்டாம்: உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் கொடுத்த மனநல மாத்திரையைத் திடீரென நிறுத்தச் சொல்வதும் ஆபத்து.

ஹாஸ்டல் ரூமுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்?

- "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.
- அறிவுரையைத் தள்ளி வையுங்க. "எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"ன்னு கேட்டுட்டு, பதில் முடியும்வரை காத்திருங்க.
- "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் செய்யாதீங்க. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து யார்கிட்ட சொல்லலாம்?"னு கேளுங்க. முதுகுக்குப் பின்னால் முடிவெடுத்தால் அடுத்த முறை அவன் பேச மாட்டான். உயிருக்கு ஆபத்து கண்முன்னே இருந்தால் மட்டும் அனுமதிக்குக் காத்திருக்காதீங்க.
- தனியா சுமக்காதீங்க. அஃபியாவில்கூட ஷிஃப்ட் மாறும். இன்னொரு நண்பரைக் கூப்பிடுங்க. டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அந்த எண்ணை இப்பவே போனில் சேமிச்சு வையுங்க. ராத்திரி 2 மணிக்குத் தேட நேரம் இருக்காது.