வாத்தின் இரையும் வளர்ச்சியும்

ஆரணி, வேலூர், காஞ்சிபுரம், தஞ்சைப் பகுதிகளில் நெல் அறுவடை முடிந்த கழனிகளில் வாத்து மந்தைகள் இறங்கி மேய்வதை நாம் கண்டிருக்கிறோம். சிந்திய நெல்மணி, நத்தை, சிறு நண்டு, புழு, பூச்சி ஆகியவையே அவற்றின் உணவு. விலை கொடுத்து வாங்கும் தீனி அவற்றிற்குச் சிறிதளவே தேவைப்படுகிறது. இதைக் காணும் விவசாயி, "நாட்டு வாத்தே இவ்வளவு பயன் தருமாயின், உருவிற் பெரிய வெள்ளை வாத்தை வயலில் விட்டால் இன்னும் ஆதாயம் கிடைக்காதா?" என்று எண்ணுவது இயல்பு. கிடைக்காது என்பதே நமது விடை.

வாத்தின் அலகைப் பிடித்துப் பார்த்தால் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். சேற்றையும் நீரையும் ஒருங்கே வாயில் அள்ளி, நீரை வெளியேற்றி, இரையை மட்டும் நிறுத்திக் கொள்வதற்கு அமைந்த சல்லடை அது. இவ்வமைப்பு எல்லா வாத்துகளுக்கும் பொது. ஆயினும் இரை தேடி நாள் முழுவதும் நடக்கும் ஊக்கமும், உண்டதை இறைச்சியாகவோ முட்டையாகவோ மாற்றும் தன்மையும் இனத்திற்கு இனம் வேறுபடுகின்றன.

நமது நாட்டு வகைகளான சன்னியாசியும் கீரியும் இலேசான உடலும் சுறுசுறுப்பும் உடையவை. வெகுதூரம் நடந்து மேயும். ஆனால் மெதுவாகவே வளரும். இவற்றை அடைத்து வைத்துத் தீனி போட்டு வளர்ப்பது வீண் செலவு.

பெக்கின் என்னும் வெள்ளை வாத்து இதற்கு நேர்மாறானது. சீன நாட்டிலிருந்து 1873-இல் அமெரிக்காவிற்குச் சென்று, இறைச்சிக்கென்றே பெருகிய இனம் இது. நல்ல தீனி அளித்தால் ஏறத்தாழ 7 வாரங்களில் 2½ முதல் 3 கிலோ எடையை எட்டும். இவ்வேகம் நிறைந்த தீனியினால் வருவதேயன்றி, வயலில் பொறுக்கித் தின்பதால் வருவதன்று. கனத்த உடலைச் சுமந்துகொண்டு அது அதிக தூரம் அலையாது. ஏழு வாரத்திற்குப் பிறகும் விற்காமல் வைத்திருந்தால், தின்னும் அளவுக்கு எடை கூடுவதில்லை. புது இறகு முளைக்கத் தொடங்குவதால் உரிப்பதும் கடினமாகும். எனவே, வாங்குவோரை முன்னதாக ஏற்பாடு செய்து கொள்ளாதவர் இவ்வினத்தைத் தொடாதிருப்பதே நலம்.

முட்டையை நாடுவோர்க்கு ஏற்றது காக்கி கேம்பெல். இங்கிலாந்தில் கேம்பெல் அம்மையார் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய இனம். நன்கு பேணினால் ஆண்டுக்கு 300 முட்டை வரையிலும் இடும். ஆனால் அடைகாக்கும் வழக்கத்தை ஏறக்குறைய மறந்துவிட்டது! குஞ்சு வேண்டுமாயின் கோழியையோ பொரிப்பானையோ நாட வேண்டும். பெரும்பாலும் விடியற்காலையிலேயே முட்டையிடுவதால், காலை 9 மணிக்குப் பின் மேயவிட வேண்டும். முந்தி விட்டால் முட்டை வயலோடு போய்விடும்.

மஸ்கோவி வாத்து தென் அமெரிக்காவைச் சேர்ந்த வேறொரு சாதி. மற்றவற்றின் முட்டை 28 நாளில் பொரிக்க, இதற்கு 35 நாள் ஆகும். புல்லையும் இலையையும் விரும்பி மேயும். நீர்நிலையை அவ்வளவாக நாடாது. கிணறு மட்டுமே உள்ள தோட்டக்காரர் இதைக் கருதலாம். ஆண் வாத்து பெண்ணைப்போல ஏறத்தாழ இரு மடங்கு எடை பெறும் என்பதால், இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் பெண் வாத்துகளுக்குத் தீனி எட்டாமற் போகலாம்.

எந்த இனமாயினும் உலர்ந்த மாவுத் தீனியைக் கொடுத்தால் வாத்து ஒரு வாய் அள்ளிக் கொண்டு தண்ணீருக்கு ஓடும்; பாதி தொட்டியில் கரைந்துவிடும். தவிடு, குருணை, புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றைப் பிசைந்து, அவ்வப்போது தீரும் அளவே வைத்தல் வேண்டும். வளர்ந்த வாத்து அலகை மூக்குத் துளை வரை அமிழ்த்துமாறு 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் நீர் இருப்பது அவசியம். குஞ்சுகளுக்கு ஆழமற்ற தட்டே போதும். கோழிக் குஞ்சுத் தீனியை அப்படியே அளித்தால் நயாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்து கால் வளைவதுண்டு. சிறிது ஈஸ்ட் சேர்த்தால் குறை நீங்கும்.

பூஞ்சணம் பூத்த கடலைப் புண்ணாக்கைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம் இத்தகைய புண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சே. வாத்துக் குஞ்சு இந்நஞ்சைச் சிறிதும் தாங்காது. மழைக்காலத்தில் ஈரம் பட்ட மூட்டையை மலிவென்று வாங்கி, கழுவியோ வெயிலில் காயவைத்தோ கொடுப்பவர் உண்டு. பூஞ்சணம் மறைந்தாலும் நஞ்சு எஞ்சியிருக்கக்கூடும். அப்புண்ணாக்கை எந்தக் கால்நடைக்கும் இடாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

மந்தைக்காரர் ஊருக்கு வரும் பருவத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. எந்தெந்த வயல்களில் அண்மையில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது என்பதை உழவர்களிடம் கேட்டறிந்து, மந்தை இறங்குமுன் அவர்களுக்குத் தெரிவித்துவிடலாம். மருந்துண்டு செத்த பூச்சியையும் நத்தையையும் வாத்து ஒதுக்கிவிடாது.