பெட்டியா, பில்லா? கைக்கடிகாரம் வாங்கும் குடும்பங்களுக்கு

போன மாதம் ஒரு தோட்டத்தில் மகளிர் கூட்டம் முடிந்து நாம் கிளம்பும் நேரத்தில், ஒரு அக்கா சின்னப் பெட்டி ஒன்றை நமது கையில் தந்தார். கறுப்புப் பெட்டி, உள்ளே வெல்வெட் துணி, மூடியில் தங்க எழுத்து. அதற்குள் ஓடாத கைக்கடிகாரம் ஒன்று கிடந்தது. மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள் என்று, கொழுந்து எடுத்துச் சேர்த்த காசில் 2,800 ரூபா கொடுத்து டவுனில் வாங்கியிருக்கிறார். பதினோராம் நாள் அது நின்றுவிட்டது.

"கேரண்டி கார்டும் இருக்குங்க. கொண்டுபோய்க் காட்டினா, 'இது என்கிட்ட வாங்கினதுங்கிறதுக்கு என்னா சாட்சி, பில் எங்க?'ன்னு கேக்குறாரு" என்றார் அந்த அக்கா.

கார்டை வாங்கிப் பார்த்தோம். கடையின் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திகதி இல்லை, முத்திரை இல்லை, கடிகாரத்தின் இலக்கமும் இல்லை. "ஒரு வருட உத்தரவாதம்" என்று மட்டும் அழகாக அச்சடித்திருந்தது. யார் தரும் உத்தரவாதம், எந்த நாளிலிருந்து ஒரு வருடம்? அதற்கு அந்தக் கார்டில் பதில் இல்லை.

நம்மில் பலர் வாங்கும்போது முதலில் கேட்பது "பெட்டி இருக்கா?" என்பதுதான். பெட்டி இருந்தால் ஒரிஜினல் என்று ஒரு நம்பிக்கை. வெளிநாடுகளில் ரோலெக்ஸ் போன்ற விலை கூடிய கடிகாரங்களை வாங்கி விற்பவர்களுக்குப் பெட்டியும் பத்திரமும் சேர்ந்திருந்தால் கூடுதல் விலை கிடைக்கும், உண்மைதான். அதனாலேயே அங்கே வெறும் பெட்டியையும் தனியாக விற்கிறார்கள், போலிப் பத்திரமும் அடிக்கிறார்கள். நாம் வாங்குவது கையில் கட்டி வேலைக்குப் போக, பிள்ளை பரீட்சை எழுத. நமக்குப் பெட்டி என்பது ஊசி நூல் போட்டு வைக்க உதவும். அதற்கு மேல் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பில் அப்படியல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். கேட்டால் என்பதைக் கவனியுங்கள். நாம் கூச்சப்பட்டுக் கேட்காமல் வந்துவிட்டால் நட்டம் நமக்கே. பொருளில் குறை இருந்தால் அந்தச் சபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். அந்த மூன்று மாதத்தைக் கணக்கிட பில்லில் உள்ள திகதிதான் ஆதாரம். சபையின் தொலைபேசி இலக்கம் 1977. "பில் எல்லாம் குடுக்கிறதில்ல, வேணும்னா விலையில குறைச்சுத் தாறேன்" என்று சொல்லும் இடத்தில் எவ்வளவு குறைத்தாலும் அது மலிவு இல்லை. கேரண்டி கார்டையும் கடையிலேயே, நமது கண் முன்னால், திகதி, கடை முத்திரை, கடிகாரத்தின் பின்பக்க இலக்கம் மூன்றும் போட்டு வாங்க வேண்டும்.

பாவித்த கடிகாரம் வாங்குவோருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் "அவசரமா காசு வேணும் தம்பி" என்று நல்ல கடிகாரத்தைப் பாதி விலைக்கு நீட்டுவார். அது களவுப் பொருளாக இருந்தால், நாம் காசு கொடுத்திருந்தாலும் அது நமக்குச் சொந்தமாகாது. உரியவர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். விற்றவரைத் தேட முடியாது. தெரிந்தே வாங்கினான் என்ற சந்தேகம் வந்தால் பொலிசுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். லயத்துப் பையனின் வாய்ப்பேச்சை அங்கே யார் எடுத்துக்கொள்கிறார்கள்? கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் பேச்சு வேறு.

அந்த அக்காவின் கதைக்கு வருவோம். அதே தோட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர் தமது பழைய செய்கோ 5 கடிகாரத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தார். பெட்டி இல்லை. "பெட்டி இல்லாம எப்படிங்க நம்புறது?" என்று அக்கா தயங்கினார். ஐயா தகரப் பெட்டியிலிருந்து மஞ்சளாகிப்போன பில் ஒன்றை எடுத்தார். 1997 பெப்ரவரி என்று போட்டு, கடைக்காரர் கடிகாரத்தின் இலக்கத்தையும் எழுதியிருந்தார்.

கடிகாரத்தைத் திருப்பினோம். செய்கோ கடிகாரத்தின் பின்பக்கத்தில் ஆறு இடமுள்ள ஒரு தொடரிலக்கம் இருக்கும். அதில் முதல் இலக்கம் செய்த வருடத்தின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணாகவும், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு முறையே 'ஓ', 'என்', 'டி' என்ற ஆங்கில எழுத்தாகவும் வரும். ஐயாவின் கடிகாரத்தில் முதலில் 6, அடுத்து 'என்'. அப்படியென்றால் ஆறில் முடியும் ஒரு வருடத்தின் நவம்பர். உள்ளே இருந்த இயந்திரம் 7எஸ்26. அது 1996இல்தான் வந்தது. 1996 நவம்பரில் செய்தது 1997 பெப்ரவரியில் விற்பனையாகியிருக்கிறது. காகிதமும் கடிகாரமும் ஒரே கதையைச் சொல்கின்றன. இப்படிப் பொருந்தும்போதுதான் காகிதத்துக்கு மதிப்பு. 2009இல் வாங்கியதாகச் சொல்லும் பில்லோடு 2012இல் செய்த கடிகாரம் வந்தால், அந்த பில் வேறு எதற்கோ உரியது.

கேசியோவின் எப்-91டபிள்யூ பிளாஸ்டிக் கடிகாரத்துக்கு வேறொரு சோதனை உண்டு. 1989இல் வந்த இந்த மாதிரிக்குப் போலிகள் ஏராளம். வலப்பக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்ற பெயர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் போலி. தெரிந்தாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம். சில போலிகளும் இதைப் பழகிவிட்டன.

பழைய கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்பதோடு நிறுத்தாமல், கண்ணாடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். நமது மலைப் பனியில் உள்ளே ஆவி படிந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஒரு நாள் கையில் வைத்து வானொலி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் கேளுங்கள். சாவி வகைக் கடிகாரம் நாளுக்கு அரை நிமிடம் முன்பின் போவது வழமை, குறை அல்ல.

விலை பேசி முடிந்ததும் ஐயாவிடம் அப்பியாசக் கொப்பித் தாளில் இப்படி எழுதி வாங்கினோம்: "செய்கோ 5 கைக்கடிகாரம், தொடரிலக்கம் இது, எனக்குச் சொந்தமானது. இன்ன திகதியில் இன்னாருக்கு இவ்வளவு ரூபாவுக்கு விற்றேன்." கீழே அவருடைய கையொப்பம், தேசிய அடையாள அட்டை இலக்கம், சாட்சியாக ஒருவர். "என்னா பிள்ளைகளா, காணி விக்கிற மாதிரி எழுதுறீங்களே" என்று சிரித்துக்கொண்டேதான் ஐயா கையெழுத்துப் போட்டார்.

பழைய பில்லும் இந்தத் தாளும் இப்போது பிறப்புச் சான்றிதழ் இருக்கும் உறையில் இருக்கின்றன. இன்றைய கடைகளில் மெஷினில் வரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும், அடுப்புச் சூட்டில் கறுத்தும்விடும். அதை அன்றைக்கே கைபேசியில் படம் எடுத்துப் போட்டோப் பிரதியும் செய்துகொள்ளச் சொன்னோம். மகளுக்கு நாம் சொன்னது ஒன்றுதான்: பரீட்சை நாள் காலையில் வானொலிச் செய்தி தொடங்கும்போது முள்ளைச் சரிசெய்துகொண்டு போ.